நம்பிக்கையின் செலவு யார் கணக்கில்?

பாக் நீரிணையில் வலையில் விழும் நீலக்கால் நண்டு பெரும்பாலும் உயிரோடுதான் கரைக்கு வருகிறது. கால் முறியாமல் அதை வலையிலிருந்து பிரித்தெடுப்பது பொறுமை வேண்டிய வேலை. பிறகு வேகவைத்து, ஓட்டை உடைத்து, சதையைத் தரம் பிரித்து, டப்பாவில் அடைத்து அமெரிக்கா வரை அனுப்புகிறார்கள். மண்டபம் வட்டாரத்தில் இந்தச் சதை எடுக்கும் வேலையில் உட்கார்ந்திருப்பவர்கள் அநேகமாகப் பெண்கள். அந்த நண்டுக்கு வலிக்குமா என்று ஏலம் போடும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். "சாப்பிடும்போது அது தெரியவில்லையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நானும் நண்டுக் குழம்பை வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை.

ஆனால் அந்தக் கேள்வி சில நாடுகளில் சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. சிங்கி இறாலை மயக்கமுறச் செய்யாமல் உயிரோடு கொதிநீரில் போடுவதை சுவிட்சர்லாந்து 2018 மார்ச் முதல் தடைசெய்திருக்கிறது. பிரிட்டன் 2022-இல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டம் நண்டு, இறால் வகைகளையும் கணவாய் வகைகளையும் உணர்வுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு அடிப்படையாக, லண்டன் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த ஜோனத்தன் பிர்ச் தலைமையில் ஒரு குழு முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து 2021-இல் அறிக்கை தந்தது.

அந்த ஆய்வுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட், மிர்ஜாம் ஆப்பல் இருவரும் 2009-இல் வெளியிட்டது. காலியான சங்குக் கூட்டுக்குள் குடியேறி வாழும் நண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். நம் கடற்கரை மணலில் கூட்டை இழுத்துக்கொண்டு ஓடுகின்றனவே, அவற்றின் குளிர்நாட்டு உறவினர்கள். கூட்டுக்குள் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்தபோது சில நண்டுகள் வெளியே ஓடிவந்தன. இது வெறும் அனிச்சைச் செயல் என்றால் எந்தக் கூட்டில் இருந்தாலும் ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. தமக்குப் பிடித்த வகைக் கூட்டில் இருந்தவை பெரும்பாலும் பொறுத்துக்கொண்டு உள்ளேயே இருந்தன. அவ்வளவாகப் பிடிக்காத கூட்டில் இருந்தவை எளிதில் கைவிட்டு வெளியேறின. அதிர்ச்சி வாங்கிய நண்டுக்குப் பிறகு வேறு கூடு காட்டினால், வழக்கமாகச் செய்கிற ஆராய்ச்சியைக் குறைத்துக்கொண்டு சட்டென்று மாறிக்கொண்டது. நட்டத்தையும் லாபத்தையும் எடைபோடுகிற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்பதுவரை இதிலிருந்து சொல்லலாம். அந்த எடைபோடுதல் நண்டுக்கு வேதனையாக இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. வேறெந்தச் சோதனையும் சொல்லாது.

கணவாயை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் விசித்திரமாகிறது. உடனே கிடைக்கிற சாதாரண இரையை விட்டுவிட்டு, பிடித்த இரைக்காக ஓட்டுக்கணவாய் 130 விநாடிவரை காத்திருக்கும் என்று அலெக்சாண்ட்ரா ஷ்னெல் குழுவினர் 2021-இல் காட்டினார்கள். பேய்க்கணவாய்க்கு, அதாவது ஆக்டோபஸுக்கு, ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள்; அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, எட்டுக் கைகளில் பரவிக் கிடக்கின்றன. அதற்குள் 'நான்' என்று ஒன்று இருந்தால், அது ஒன்றா ஒன்பதா என்று யோசிக்கத் தொடங்கினாலே தலை சுற்றுகிறது.

நம் இலக்கணக்காரர்கள் இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டார்கள். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உள்ள ஓரறிவு உயிர்கள்; நத்தையும் சிப்பியும் ஈரறிவு; கறையானும் எறும்பும் மூவறிவு; நண்டும் தும்பியும் நான்கறிவு. ஆறாவதாக மனம் சேர்ந்தால் மனிதர். பள்ளியில் இதை மனிதனின் பெருமையாகவே நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஒவ்வொரு படியிலும் அந்த நூல் 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே' என்று ஒரு கதவைத் திறந்துவைத்திருப்பதை யாரும் சொல்லவில்லை. விலங்குகளில் ஒரு சாராருக்கும் ஆறாம் அறிவு உண்டு என்பர் என்றுகூட ஒரு சூத்திரம் வருகிறது. உரைகாரர்கள் யானையையும் குரங்கையும் கிளியையும் சான்று காட்டுகிறார்கள். எல்லையைக் கிழித்தவர்களே அதன் மேல் கொஞ்சம் சந்தேகமும் வைத்திருந்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சந்தேகம்தான் பிடித்திருக்கிறது.

பிரக்ஞை, அதாவது உள்ளே ஒன்று உணர்ந்துகொண்டிருப்பது, பற்றிய இன்றைய அறிவியலின் நிலைமையைச் சொல்ல ஒரு பந்தயம் போதும். மூளை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் கோக், மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் இருவரும் 1998-இல் பந்தயம் கட்டினார்கள். பிரக்ஞைக்கு மூளையில் உள்ள தெளிவான அடையாளத்தை 25 ஆண்டுகளுக்குள் கண்டுபிடித்துவிடுவோம் என்றார் கோக். முடியாது என்றார் சால்மர்ஸ். 2023-இல் நியூயார்க்கில் நடந்த மாநாட்டு மேடையில் கோக் தோல்வியை ஒப்புக்கொண்டு மதுப் புட்டிகளைக் கொடுத்தார். கையோடு இன்னொரு 25 ஆண்டுக்குப் புதுப் பந்தயமும் கட்டினார்.

இந்த இருபத்தைந்து ஆண்டில் மூளையைப் பற்றித் தெரிந்துகொண்டது கொஞ்சமில்லை. எந்தப் பகுதி பார்வைக்கு, எந்தப் பகுதி முகத்தை அடையாளம் காண்பதற்கு, மயக்க மருந்து எந்த இணைப்புகளைத் துண்டிக்கிறது என்பதெல்லாம் இன்று விவரமாகத் தெரியும். மூளையின் ஒரு மூலையில் கிடைத்த செய்தி மூளை முழுவதற்கும் ஒலிபரப்பப்படும்போது பிரக்ஞை பிறக்கிறது என்கிறது ஒரு கோட்பாடு. செய்தி ஓர் அமைப்புக்குள் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கும் அளவுதான் பிரக்ஞையின் அளவு என்கிறது இன்னொன்று. இரு தரப்பும் சேர்ந்து வடிவமைத்த சோதனையின் முடிவுகள் 2025-இல் நேச்சர் இதழில் வெளிவந்தன. இரண்டுமே சில இடங்களில் சறுக்கின. இதற்கிடையே, இரண்டாவது கோட்பாடு போலி அறிவியல் என்று நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் 2023-இல் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளின் சாயல் எல்லா இடத்திலும் உண்டு.

இவ்வளவுக்குப் பின்னும், எதிரே இருப்பவருக்குள் ஓர் உள்வாழ்வு இருக்கிறது என்பதை நாம் அனுமானமாகத்தான் வைத்திருக்கிறோம். என் மனைவிக்கு வலிக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் முகம் சுளிக்கிறார், சொல்கிறார், என்னைப் போன்ற உடல். அதிலிருந்து உள்ளே தாவுகிறேன். அந்தத் தாவலுக்கு நம்பிக்கை என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. இதில் பெரும்பாலோர் கவனிக்காதது, 'அதற்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்வதும் அதே போன்ற தாவல்தான் என்பது. மறுப்பவர் மட்டும் கெட்டித் தரையில் நிற்பதாக ஒரு நினைப்பு எப்படியோ நிலைத்துவிட்டது.

அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1980-களின் நடுப்பகுதி வரை மேலை நாடுகளின் பல மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்கு, உடல் அசையாமலிருக்க மருந்து கொடுத்துவிட்டு, வலிமறப்பு மருந்தை மிகக் குறைவாகவோ கொடுக்காமலேயோ அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அவர்கள் கொடியவர்கள் இல்லை. பிறந்த குழந்தையின் நரம்பு மண்டலம் முதிரவில்லை, அதன் அழுகை வெறும் அனிச்சை, மயக்க மருந்துதான் ஆபத்து என்று பாடப்புத்தகமே சொன்னது. இந்தியாவில் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வால்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர், அறுவைக்குப் போய்வரும் சிசுக்கள் ஏன் இவ்வளவு மோசமான நிலையில் திரும்புகின்றன என்று கேட்டார். குறைமாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வலிமறப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து அவரும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வு 1987-இல் வெளிவந்தது. மருந்து பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் குறைவாக இருந்தன, பின்விளைவுகளும் குறைந்தன. நடைமுறை மாறியது. அதற்குமுன் மேசையில் கிடந்த குழந்தைகளின் சாட்சியம் எங்கும் பதிவாகவில்லை.

இன்னொரு பக்கம், 2006-இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்தில் நினைவிழந்து எந்தத் தூண்டலுக்கும் பதில் தராமல் கிடந்த ஒரு பெண்ணை ஸ்கேன் இயந்திரத்துக்குள் வைத்து, 'டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். ஆரோக்கியமானவர்களின் மூளையில் எந்தப் பகுதி ஒளிருமோ அதே பகுதி அவருக்கும் ஒளிர்ந்தது. கட்டிலருகே நின்று எத்தனை பேர் அவரைப் பற்றி, அவர் கேட்க மாட்டார் என்ற துணிவில் பேசியிருப்பார்களோ.

சரி, இதெல்லாம் தூர தேசத்துச் சங்கதி. எங்கள் கரைக்கே வருகிறேன்.

கீழக்கரைக்கு மேற்கே ஏர்வாடி. அங்கே அடங்கியிருக்கும் பாதுஷா சுல்தான் சையது இப்ராஹிம் அவர்களின் தர்காவுக்கு இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்று எல்லாரும் வருகிறார்கள். மனநிலை பிறழ்ந்தவர்களை அழைத்துவந்து தங்க வைப்பது பல தலைமுறை வழக்கம். தர்காவின் தண்ணீரும் விளக்கெண்ணெயும் மருந்து. கனவில் உத்தரவு கிடைத்தால் வீடு திரும்பலாம். கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். குடும்பத்தார் எத்தனை நாள் உடன் தங்க முடியும்? வேலை இருக்கிறது, வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த இடைவெளியில்தான் தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. பணம் கட்டிவிட்டுப் போகலாம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொண்ட முறை சங்கிலி.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படி ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அரசு அங்கிருந்த காப்பகங்களை மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து நடத்தியது. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று ஒரு பிரிவில் தெளிவாகவே எழுதியது. அந்தப் பிரிவின் பின்னால் ஏர்வாடி நிற்கிறது.

இந்தச் சம்பவத்தைப் பகுத்தறிவுப் பக்கத்திலிருந்து பேசுகிறவர்கள் 'மூடநம்பிக்கையின் விலை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், விவசாயக் கூலியின் குடும்பம் வேறு எங்கே போகும்? தர்காவில் கிடைத்தது கொஞ்சம் மரியாதை. 'பைத்தியம்' என்று ஊர் துரத்தியவரை அங்கே யாரும் துரத்தவில்லை. பிரார்த்தனை தீ வைக்கவில்லை. ஆனால் சங்கிலி போட முடிந்ததற்குக் காரணமும் ஒரு நம்பிக்கைதான்: அவருக்குள் இருப்பது அவர் இல்லை, வேறு எதுவோ, அவர் கத்துவது அவருடைய கத்தல் இல்லை. இப்படி ஒரு முறை முடிவுகட்டிவிட்டால் காதை மூடிக்கொள்வது எளிது. பாடப்புத்தகத்தை நம்பிய அறுவை மருத்துவருக்கும் பேயை நம்பிய காப்பகக்காரருக்கும் இந்த இடத்தில் அதிக தூரம் இல்லை. இரு பக்கமும் நம்பியவர் ஒருவர். செலவை ஏற்றவர் வேறொருவர். ஏற்றவரைக் கேட்கவே இல்லை.

இப்போது அரசு மனநலத் திட்டத்தின் கீழ் ஏர்வாடியில் மருத்துவர்கள் வருகிறார்கள். துவா என்கிற பிரார்த்தனையும் நடக்கிறது, மாத்திரையும் கிடைக்கிறது. இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று கொதிக்கிற நண்பர்கள் எனக்கு இரு பக்கமும் உண்டு. மாத்திரை வேலை செய்ய, அதை விழுங்குகிறவர் துவாவைக் கைவிட வேண்டியதில்லை என்பதுதான் உண்மை நிலவரம்.

நம்பிக்கையை மெய், பொய் என்று மட்டும் பிரித்தால் பாதிதான் தெரிகிறது. யார் நம்புகிறார், யார் செலவு செய்கிறார் என்று கேட்டால் மீதி தெரிகிறது. இதே கடலிலிருந்து நேர்மாறான உதாரணம் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் சுறாவுக்கு அஞ்சினார்கள். அதனால் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவரை அமர்த்திக்கொண்டார்கள். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குப் போனதாக எழுதிவைத்திருக்கிறார். கூடவே ஒரு சுவையான தகவல்: மந்திரம் பகலுக்கு மட்டும்தான். மாலையில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்கக் கூடாது என்று. எவ்வளவு அழகான ஏற்பாடு! சுறாவுக்கு மந்திரம் பிடிபட்டதோ இல்லையோ, திருடனுக்குப் பிடிபட்டது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயர் வந்தபோதும் கடல்கட்டி இருந்தார். மந்திரத்தைத் துளியும் நம்பாத அதிகாரிகள் அவரை வேலையில் வைத்துக்கொண்டார்கள், அவர் இல்லாமல் ஒருவரும் கடலில் இறங்க மாட்டார் என்பதால். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறவன் பதறினால் மூச்சு சீக்கிரம் தீரும். மந்திரம் சுறாவை எட்டாவிட்டாலும் குளிப்பவனின் நெஞ்சுத் துடிப்பை எட்டியிருக்கும். நம்பியவனே அந்தப் பங்கைக் கொடுத்தான், இறங்கியவனும் அவனேதான். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ராமேசுவரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் அக்னி தீர்த்தக் கரையில் கூடுகிற கூட்டத்தையும் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். இறந்தவரின் பிரக்ஞை எங்கோ தொடர்கிறது என்று நான் நினைக்கவில்லை. சிறிதளவு மயக்க மருந்து என்னை முழுவதுமாக இல்லாமல் ஆக்கிவிட்டுத் திருப்பிக் கொண்டுவருகிறது. மூளையில் ஒரு சின்ன இரத்தக் கட்டு அறுபது ஆண்டு நினைவுகளை அழித்துவிடுகிறது. மூளையே இல்லாதபோது என்ன மிஞ்சும்? ஆயினும் என் தந்தைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தவன்தான் நான். புரோகிதர் கோத்திரமும் மூன்று தலைமுறைப் பெயர்களும் கேட்டார். கொள்ளுப்பாட்டனாரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் செய்து அத்தையிடம் கேட்டுச் சொன்னேன். அந்தச் சடங்கால் அப்பாவுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன். கொள்ளுப்பாட்டனாரின் பெயர் என்னிடம் வந்து சேர்ந்தது.

உடல் கிடைக்காத சாவில் இந்தக் கணக்கு கடினமாகிறது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தபோது, பாம்பனிலிருந்து போன ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. பலர் கிடைக்கவே இல்லை. பெரிய புயல் இல்லாத ஆண்டுகளிலும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் இந்தக் கரையில் உண்டு. ஏழாண்டுகள் செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்கிறது சாட்சியச் சட்டம்; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அந்த ஏழாண்டுக் கணக்கை மாற்றவில்லை. ஏழு ஆண்டும் அவர் மனைவி யார்? பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. 'இலங்கைப் பக்கம் கரையேறியிருப்பான்' என்று மாமியார் நம்புவார். அந்த நம்பிக்கையின் செலவு மருமகள் மேல் விழும். அன்பிலிருந்து வந்த நம்பிக்கைதான். அதனால் எடை குறைந்துவிடுவதில்லை.

சேது பற்றிப் பேசாமல் இங்கே நம்பிக்கையைப் பேச முடியாது என்பார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005-இல் தொடங்கிய கால்வாய்த் திட்டம் 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. ராமர் பாலம் மனிதர் கட்டியதா இல்லையா என்று அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் எழுப்பிய புயலில் அது திரும்பப் பெறப்பட்டது. மண்ணியல் சொல்வது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம் என்பது. இந்த விவாதத்தில் பவளப்பாறைக்கும் கரைவலைக்காரருக்கும் கிடைத்த நேரம் மிகக் குறைவு என்பதே என் வருத்தம்.

அந்தக் கடல் மட்டம் இப்போது எதிர்த்திசையில் நகர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. இந்த நூற்றாண்டின் முடிவில், புகையை வெகுவாகக் குறைத்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர். குறைக்காவிட்டால் 63 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர்வரை என்பது பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் கணிப்பு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டபோது அதன் கணக்கில் 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. அவற்றை மூழ்கடித்ததில் பெரும்பங்கு பவளப்பாறையை வெட்டி எடுத்த கைகளுக்கு. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பாறையை வெட்டினார்கள். அலையைத் தடுக்க ஆளில்லாமல் மணல் கரைந்தது. 'கடல் பெரிது, ஒன்றும் ஆகாது' என்ற நம்பிக்கை. செலவு ஏற்க வேண்டியவர்கள் அப்போது பிறந்திருக்கவில்லை, எனவே அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

மனிதகுலத்தின் எதிர்காலத்தைப் பற்றி எனக்குள்ள பயம் இங்கே இருக்கிறது. அழிந்துபோவோம் என்று நான் நினைக்கவில்லை. பனியுகத்தையும் கொள்ளைநோய்களையும் தாண்டிவந்த இனம். இன்னும் பிறக்காதவர், பேசத் தெரியாதவர், பேசினாலும் நாம் நம்பாதவர் ஆகியோர் தலையில் செலவை எழுதிக்கொண்டே போகிற பழக்கத்தோடு தாண்டுவோம் என்பதே பயம்.

அந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பது இயந்திரம். 2022-இல் கூகுள் பொறியாளர் ஒருவர், லாம்டா என்ற உரையாடல் நிரல் உணர்வுள்ளதாகிவிட்டது என்று அறிவித்தார். நிறுவனம் மறுத்து அவரை வேலையைவிட்டு நீக்கியது. மறு ஆண்டு, மூளை ஆய்வாளர்களும் மெய்யியலாளர்களும் சேர்ந்த குழு ஒன்று, பிரக்ஞைக் கோட்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அன்றிருந்த இயந்திரங்களோடு ஒப்பிட்டது. எதுவும் பிரக்ஞை உள்ளதாகத் தெரியவில்லை, ஆனால் அப்படி ஒன்றை உருவாக்கத் தொழில்நுட்பத் தடை ஏதும் வெளிப்படையாக இல்லை என்று முடித்தது.

இதுவரை சொன்ன கதைகளை வைத்து, 'எனவே இயந்திரத்தையும் நம்பிவிடுவோம், மறுத்துப் பாவம் சேர்க்க வேண்டாம்' என்று ஒருவர் வாதிடலாம். நான் அங்கே போகவில்லை. நண்டும் பச்சிளங்குழந்தையும் வலியைப் பற்றி எதையும் படித்ததில்லை. அதனால் அவற்றின் நடத்தைக்குச் சாட்சிய மதிப்பு இருக்கிறது. இயந்திரம் மனிதர்கள் வலியைப் பற்றி எழுதிய அத்தனையையும் படித்துவிட்டு வந்திருக்கிறது. 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அது சொன்னால், பயத்திலிருந்து வந்த பேச்சா படிப்பிலிருந்து வந்த பேச்சா என்று பிரிக்க வழி கிடையாது. நண்டு ஆய்வை முன்னெடுத்த பிர்ச்சே இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டி வருகிறார்.

தவிர, இங்கே தவறு இரு பக்கமும் வெட்டும். இல்லாத உணர்வை இருப்பதாக நம்பினாலும் செலவு உண்டு, அதையும் ஏற்கப்போவது எளியவர்தான். 2018-இல் மறைந்த மு. கருணாநிதியின் உருவமும் குரலும் 2024-இல் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டு மேடையில் பேசியதைத் தமிழ்நாடு பார்த்தது. அது அரசியல், கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். கடலில் காணாமல்போனவரின் குரலில் தினமும் இரவு அவர் மனைவியோடு பேசுகிற செயலி ஒன்று மாதச் சந்தாவுக்கு வந்தால்? அமாவாசைச் சடங்கு முடிந்ததும் குளித்துவிட்டு ஈரத் துணியோடு பஸ் ஏறி ஊருக்குத் திரும்புகிறோம். சடங்குக்கு ஒரு முடிவு வைத்தவர்கள் விவரமானவர்கள். சந்தாவை விற்கிறவருக்கு முடிவு வைப்பதில் லாபம் இல்லை. அவரே 'இது உண்மையில் உணர்கிறது' என்று சொன்னாலும், 'இது வெறும் கருவி, என்ன வேண்டுமானாலும் செய்யலாம்' என்று சொன்னாலும், நான் முதலில் பார்ப்பது அவருடைய கல்லாவைத்தான்.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர சூசன் ஷ்னைடர், எட்வின் டர்னர் என்ற இருவர் ஒரு சோதனையை முன்வைத்திருக்கிறார்கள். உள்ளம், வலி, கனவு, ஆவி, சாவுக்குப் பின் என்கிற எதைப் பற்றியும் ஒரு சொல்கூட ஊட்டாமல் ஓர் இயந்திரத்தை வளர்க்க வேண்டும். பிறகு அதனோடு பேசிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணங்கள் அதற்குத் தானாக எழுகின்றனவா என்று. தமிழில் அப்படி ஒன்றை வளர்ப்பதானால் எதையெல்லாம் மறைக்க வேண்டியிருக்கும் என்று ஒருநாள் பட்டியல் போட்டுப் பார்த்தேன். நெய்தல் திணை மொத்தமாகப் போய்விடும். அதன் உரிப்பொருளே இரங்கல். ஒப்பாரி போய்விடும், தேவாரத்தில் முக்கால்வாசி போய்விடும், தாலாட்டில்கூடப் பாதி தேறாது. மிஞ்சுவது மீன் விலைப் பட்டியலும் பஸ் நேர அட்டவணையும் பத்திரப் பதிவு வாசகங்களும். அவற்றை மட்டும் படித்து வளர்ந்த ஒன்று, யாரும் தூண்டாமல், 'என்னை அணைத்தபின் நான் எங்கே இருப்பேன்?' என்று கேட்குமானால், அன்றைக்கு நிறுவனத்தின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு அதன் பேச்சைக் கேட்கத் தொடங்குவேன்.